விசில் வராத குழம்பு

சத்தமே போடாத ஒரு பானையை நம்பி, மகள் ஊருக்குப் போகிற முந்தின நாள் சாப்பாட்டை ஒப்படைத்தவளை என்னவென்று சொல்வது. கலாமணி தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் சமையல் மேடைக்கு முன்னால் நின்றாள். காலையில் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், மிக்சிக்குப் பக்கத்தில், சிவப்பு விளக்கு ஒன்றை மட்டும் எரியவிட்டுக்கொண்டு ஸ்லோ குக்கர் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, கரண்ட் போகவில்லை. கம்பெனியில் மத்தியானம் ஒரு தரம் விளக்கு மினுக்கென்று அடித்தபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பனியன் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஜெனரேட்டர் போடுவார்களா என்று பார்த்தார்கள், இவள் மட்டும் வீட்டுப் பானையை நினைத்தாள். கண்ணாடி மூடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. திறந்து பார்க்கலாம் என்றால் திறக்கவே கூடாதாம். சிங்கப்பூரில் இருக்கிற தங்கை சுகந்தி போன தைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. "வேலைக்குப் போற பொம்பளைக்கு இதுதான்க்கா சாமி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடிட்டுப் போ, பொழுதோட வந்து தட்டைப் போட்டா வேலை முடிஞ்சுது. நடுவால தொறந்து தொறந்து மட்டும் பாக்காதே, சூடெல்லாம் போயிரும்" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். பரணில் கிடந்ததை நேற்றுத்தான் எடுத்துத் துடைத்தது. சாதா குக்கர் என்றால் அதோடு ஒரு பேச்சு இருக்கும். துணி மடித்துக்கொண்டே விசில் எண்ணலாம், வாசலில் காய்க்காரனோடு நின்றபடி 'ஆச்சு, நிறுத்து' என்று குரல் கொடுக்கலாம். வேகிறேன், வேகிறேன் என்று அதுவே சொல்லும். இது வாயே திறக்காது. ஏற்கெனவே இந்த வீட்டில் வாய் திறக்காதவர்களுக்கா பஞ்சம், இதையும் வேறு கொண்டுவந்து நடுவில் வைத்தாயிற்று.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம், அது அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. அறைக்குள் சரட்டென்று ஜிப் இழுக்கிற சத்தம், அது மகள் தாரணி. ரெண்டு பேரும் இருப்பது இப்படிச் சத்தத்தை வைத்துத்தான் இப்போதெல்லாம் தெரிகிறது. பேச்சு நின்று ரெண்டு மாசம் ஆகப்போகிறது. என்ன பெரிய குற்றம் நடந்துவிட்டது, குழந்தை தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். உள்ளூரிலேயே ஒரு பி.காம் படித்துவிட்டுத் தன்னுடைய சின்னப் பனியன் யூனிட்டில் கணக்கைப் பார்ப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். நினைத்தவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். "மீன் கழுவறதுக்கெல்லாமா ஒரு காலேஜு" என்றார். அவளாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பனியன்ல பிசிர் வெட்டறதுக்கு அது எவ்வளவோ மேலுங்க" என்று போட்டாள் ஒரு போடு. பிசிர். பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்த கையோடு பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்ட உட்கார்ந்த மனுசன். கத்தரிக்கோல் வளையம் பட்டுப் பட்டுக் காய்த்த காய்ப்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. தாலி கட்டின நாளில் கலாமணி முதலில் கண்டது அந்தக் காய்ப்பைத்தான். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, ஒரு அறை விட்டிருந்தால்கூட மறுநாள் தோசை வாங்கிக் கொடுத்துச் சரியாகியிருக்கும். அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "போறவ போகட்டும், நான் யாரு கேக்கறதுக்கு" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லாமே கலாமணி வழியாகத்தான் போகவர. மகள் எதிரிலேயே நிற்பாள், "உன்ற மககிட்டச் சொல்லு, வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லி" என்பார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, உன்ற வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, ஓரமாத்தான் நிக்குதுன்னு" என்பாள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா சொன்னார்கள். சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சொல்லி, சில நாள் தன் பேச்சு எது, அவர்கள் பேச்சு எது என்றே அவளுக்குத் தெரியாமல் போகும். கம்பெனியில் ஒருநாள் மேனேஜரிடம் "உங்க டெய்லர்கிட்டச் சொல்லுங்க" என்று ஆரம்பித்து, டெய்லர் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் 'போறேன்' இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த வாரம் முழுக்க, கேட்கிறவர்களுக்கெல்லாம் தாரணி "வெள்ளிக்கிழமை போறேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு அக்காவுக்கு, பால்காரருக்கு, போனில் சுகந்திக்கு, எல்லாருக்கும் போறேன், போறேன். தெருமுனைக்குத் தயிர் வாங்கப் போனாலும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா. ரெண்டரை வயசில் மழலையில் 'போட்டு வன்னேன்' என்று கையாட்டின பிள்ளை. தெரிந்துதான் சொல்கிறாள், வேண்டுமென்றே சொல்கிறாள், அப்பா காதில் விழட்டும் என்றே சொல்கிறாள். அவரும் காதில் விழாத மாதிரி ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருக்கு விழாமலா இருக்கும். அவருடைய தம்பி கந்தசாமி இப்படித்தானே, சொத்துப் பாகத்தில் ஏதோ மனத்தாங்கலாகி, இதே ஹாலில் நின்று "நான் போறேன்" என்றான். எல்லாரும் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று இருந்தார்கள். சூரத்துக்குப் போனவன் அவர்கள் அப்பா சாவுக்குத்தான் வந்தான். அதுவும் செருப்பைக் கழற்றாமல், பந்தலுக்கு வெளியே நின்று, பெற்ற அப்பன் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். ஒரு சொல்தான். ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. நாளைக்கு விடிந்ததும் இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லி, அவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தால், அப்புறம் தீபாவளிக்கு இவள் வந்தால்தான் உண்டு. வரலாம், பரீட்சை என்று சொல்லி வராமலும் இருக்கலாம். முதல் தீபாவளிக்கு வராதவளுக்கு ரெண்டாவதுக்கு வராமல் இருப்பது லேசு. கலாமணி பையை இறக்கி ஆணியில் மாட்டினாள்.

அதனால்தான் மொச்சைக்கொட்டைக் குழம்பு. கத்திரிக்காய் போட்ட மொச்சைக்கொட்டைக் குழம்பு என்றால் அப்பனுக்கும் மகளுக்கும் உயிர். வேறு எதிலும் ஒத்துப்போகாத நாட்களில்கூட, கிண்ணத்தின் அடியில் கிடக்கிற கடைசி மொச்சைக்கு ரெண்டு கரண்டியும் முட்டிக்கொள்ளும். இன்றைக்கு அதைச் செய்து, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, அந்தக் கடைசி மொச்சைக்காவது ஒரு வார்த்தை வெளியே வந்துவிடாதா என்றுதான் நேற்றே மொச்சையை ஊறப்போட்டாள். ஆனால் இன்றைக்குக் கம்பெனியில் சிப்மெண்ட், சரக்கு ஏற்றுகிற நாள். செக்கிங் சூப்பர்வைசரான அவளே லீவு கேட்டால் மேனேஜர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். வந்து சமைத்தால் அவள் அடுப்படியில் நிற்பாள், அதுகள் ரெண்டும் ஹாலில் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கும். இதில் போட்டு மூடிவிட்டால் வந்ததும் தானும் கூட உட்கார்ந்துவிடலாம் என்று கணக்கு. கணக்கெல்லாம் சரிதான். வாசமும் வருகிறது. மூடி ஓரத்து ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு மூக்கைக் கொண்டுபோனாள். மல்லித்தூள் வாசம், பூண்டு வாசம், புளி நன்றாகத் தூக்கலாக. புளி. அவள் அப்படியே நின்றாள். புளியை எப்போது ஊற்றினோம். குழம்பில் புளி எப்போது ஊற்றுவது, பயறு வெந்து மலர்ந்த பிறகு. வேகாத மொச்சையில் புளி பட்டால் அப்புறம் பிரம்மாவே வந்து வேகவைத்தாலும் அது வேகாது, கல்லு மாதிரி நின்றுவிடும். சமைக்கத் தெரியாத பெண்ணுக்குக்கூட இது தெரியும். காலையில் என்ன நடந்தது. மொச்சையைக் கொட்டினோம், கத்திரிக்காயை அரிந்து போட்டோம், கம்பெனி வேன் டிரைவர் போன் அடித்தான், 'அக்கா, முக்குல நிக்கறனுங்' என்றான். பொடி போட்டோம், உப்பு போட்டோம். அப்புறம். சாயந்திரம் வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று புளிக்கரைசலை எடுத்துத் தனியாக வைத்தோமா. வைத்த மாதிரிதான் இருக்கிறது. பிரிட்ஜைத் திறந்தாள். இல்லை. மேடை மூலையில் பார்த்தாள். இல்லை. சிங்க்கைப் பார்த்தாள். புளி கரைத்த எவர்சில்வர் கிண்ணம், கழுவி, நல்ல பிள்ளையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடிட்டுப் போ. வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதிரி இருந்தது என்று எத்தனையோ தரம் வாய்ப்பேச்சுக்குச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அது நிஜமாகவே கரைத்தது.

மூடியைத் திறந்தாள். சூடு போனால் போகட்டும். கத்திரிக்காயைக் காணவே காணோம், அது கரைந்து குழம்போடு குழம்பாகிவிட்டது, காம்பு மட்டும் மிதந்தது. மொச்சை மட்டும் முழுசு முழுசாக, தோல் பளபளவென்று, போட்டது போட்டபடி கிடந்தது. ஒன்றை எடுத்து ஊதி, விரலால் அமுக்கினாள். அமுங்கவில்லை. வாயில் போட்டாள். வெளியே தோல் வழுக்கியது, உள்ளே கடக்கென்றது. பகல் முழுக்க வெந்தும் இந்தப் பிடிவாதமா. கழுவி எடுத்துச் சாதா குக்கரில் போட்டு விசில் விட்டால் ஒருவேளை, தண்ணீரை மாற்றி, சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டு. அரை மணி நேரம் வேண்டும். அரை மணி நேரம் இருக்கிறதா. குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் செய்த இன்னொரு காரியம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார மாட்டார்கள் என்பதால், மத்தியானமே போன் போட்டு, மகளிடம் "அப்பா யூனிட்டுல இருந்து வர லேட்டாகும் சாமி, நாம ரெண்டு பேரும் நேரமே சாப்பிட்டர்லாம்" என்றும், அவரிடம் "தாரணி சிநேகிதி வீட்டுக்குப் போறாளாம், நீங்க நேரமே வந்துருங்க" என்றும் சொல்லி வைத்திருந்தாள். பொய்தான். ஒரே நேரத்தில் ரெண்டு பக்கமும் பொய். அவள் கரண்டியோடு திரும்பி ஹாலைப் பார்த்தபோது, அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றார், தாரணி அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து கலாமணியைப் பார்த்தார்கள். கலாமணி கூரையைப் பார்த்தாள். யார் திரும்பிப் போவார்கள். போகிறவர் தோற்றவர். அப்பனுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறாளே, ரெண்டும் அசையவில்லை. அவர் துண்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவளும் எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ரெண்டு மாசத்தில் முதல் தரம். இப்போது போய் 'சித்தெ இருங்க, அரை மணி நேரத்துல ஆயிரும்' என்று சொன்னால் ரெண்டு நாற்காலியும் காலியாகிவிடும். மறுபடி சேர்க்க எந்தப் பொய்யைத் தேடுவது. கலாமணி தட்டை எடுத்து வைத்தாள்.

சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றும்போது, மொச்சை விழாமல் மேலாகத் தெளிவை மட்டும் மொண்டு ஊற்றிப் பார்த்தாள். "உன்ற மகளுக்குக் கொட்டையா பாத்துப் போடு" என்றார் அவர், சோற்றைப் பார்த்தபடி. "அவருக்கும் போடும்மா" என்றாள் இவள், தண்ணீர்ச் செம்பைப் பார்த்தபடி. வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்துக்கே கலாமணி கோவிலில் தேங்காய் உடைத்திருப்பாள். ஆழமாகக் கரண்டியை விட்டு, ரெண்டு தட்டிலும் போட்டாள். மொச்சை தட்டில் விழுகிற சத்தமே நன்றாக இல்லை. கொட்டும்போது சடசடவென்று பொத்தான் கொட்டுகிற மாதிரி இருந்தது. அவர் பிசைய ஆரம்பித்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு பிடிக்காவிட்டால் ஒன்றும் பேச மாட்டார், செம்பை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். கட்டிக்கொண்டு வந்த புதுசில் ஒருநாள் ரசத்துக்கு அப்படிச் செய்தார். அந்தத் தட்டில் தண்ணீர் பரவினதும், சோறு மிதந்ததும், தன் முகமே அதில் மிதந்த மாதிரி அவள் கூசிப்போனதும் இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கு மட்டும் செம்பைத் தொடாதே. சாமி, இன்றைக்கு மட்டும். அவர் வாய்க்குக் கொண்டுபோனார். மென்றார். கடக். தாடை நின்றது. கலாமணி தன் தட்டில் போட்ட சோற்றை விரலால் இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் இன்னொரு கடக். தாரணியின் தாடையும் நின்றது. அவருடைய இடதுகை மேசைமேல் மெல்ல நகர்ந்து செம்பு பக்கம் போனது. செம்பைப் பிடித்தார். தூக்கினார். தூக்கி, தட்டுக்குக் கொண்டுபோகாமல், அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடித்தார். குடித்துவிட்டு மகளைப் பார்த்தார். மகள் கன்னத்துக்குள் மொச்சையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "புளிய..." என்று அவள் ஆரம்பித்தாள். "மொதல்லயே ஊத்திட்டா" என்று அவர் முடித்தார்.

என்ன நடந்தது என்று கலாமணிக்கு ஒரு நிமிசம் உறைக்கவில்லை. உன்ற வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு இல்லை, உன்ற மககிட்டச் சொல்லு இல்லை. அவள் தலைக்கு மேலே, நேராக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. "மெல்லாதீங்கப்பா, அந்தப் பல்லுக்கு இப்பத்தானே டாக்டர்கிட்டப் போயி கேப் போட்டீங்க" என்றாள் தாரணி. அவர் மகளை உற்றுப் பார்த்தார். "உனக்கு யாரு சொன்னா?" "யாரு சொல்லோணும். எடப்பக்கம் மெல்லறதே இல்லையே நீங்க." அவர் ஒரு மொச்சையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கம்பெனியில் பீஸ் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்ற அம்மா சிப்மெண்ட்டு அவசரத்துல பொத்தானை அள்ளிட்டு வந்துட்டாளாட்ட இருக்குது" என்றார். "பொத்தானே தேவலைங்பா, அதுலயாவது ஓட்டை இருக்கும்" என்றாள் அவள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அவர் தோள் குலுங்கியது, அவளுக்குப் புரைக்கேறியது, அவர் தலையில் தட்டினார், செம்பை நீட்டினார். கலாமணியும் சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்ததே தவிரச் சிரிப்பு வரவில்லை. இதற்குத்தானே ரெண்டு மாசமாகத் தவம் கிடந்தாய், அப்புறம் என்ன, சிரியேன். பகலெல்லாம் நின்ற கால் வலித்தது, மொச்சை வேகவில்லை, இதுகள் ரெண்டும் ஒன்று சேர்ந்துகொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கிறதுகள். சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும். இன்னும் நாலு மொச்சை கடிபடட்டும்.

"ஹாஸ்டல்ல அலமாரிக்குப் பூட்டு நாமதான் கொண்டு போகோணுமாமே, வாங்கிட்டியா" என்றார் அவர், மோரை ஊற்றச் சொல்லி வழக்கம்போலக் கையைக் காட்டாமல், எழுந்துகொண்டே. "இல்லீங்பா." "அப்ப எந்திரி. கடை சாத்தறதுக்குள்ள பூட்ட வாங்கிட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாத் தின்னுட்டு வந்தர்லாம். ஹெல்மெட்ட எடுத்துக்க." தாரணி எழுந்து ஓடினாள். கை கழுவுகிற இடத்தில் ரெண்டு பேரும் ஒரே குழாயில் கையை நீட்டி, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரைத் தெறித்துக்கொண்டார்கள். அலமாரிக்குப் பூட்டு என்று அவருக்கு எப்படித் தெரியும். கலாமணி சொல்லவில்லையே. காலேஜில் கொடுத்த பேப்பரை யாரும் இல்லாதபோது எடுத்துப் படித்திருக்கிறார், திருட்டு மனுசன். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீயும் வாயேன் என்றும் சொல்லவில்லை. ஒரே வண்டியில் மூணு பேர் எப்படிப் போக. அது சரிதான். இப்போது தான் நடுவில் புகுந்து 'எனக்கு ஒரு பொட்டலம்' என்று சொன்னால்கூட, மறுபடி ரெண்டு பேரும் தன் வழியாகப் பேச ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் இருந்தாள். சாவியைத் தேடினார்கள், செருப்பைத் தேடினார்கள், செருப்பு மாட்டும்போது அவர் தோளை இவள் பிடித்துக்கொண்டாள். வாசல் கதவைச் சாத்தப் போன தாரணி, பாதித் திறப்பில் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "போயிட்டு வர்றோம்மா" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. படியில் ரெண்டு ஜோடிக் கால் இறங்கின. கீழே வண்டி ஒரு உதையில் கிளம்பவில்லை, ரெண்டாவது உதையில் கிளம்பியது. போயிட்டு வர்றோம். பரோட்டாக் கடைக்குச் சொன்னதுதான். சொன்னவளுக்கே சொன்னது தெரிந்திருக்காது. அதற்குக் கலாமணி திருப்பி ஒன்று சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு மாசமாக யார் யாருடைய பேச்சையோ தூக்கிக்கொண்டு திரிந்தவளுக்கு, தன் பேச்சு என்று ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரத்தில் வரவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சந்தோசமா, கோபமா, பசியா, எது என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை, அழுதாள். வண்டிச் சத்தம் முக்குத் திரும்பித் தேய்ந்த பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க சாமி" என்றாள். கேட்க ஆள் இல்லை. சமையலறையில் அந்தச் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைக்காமல், தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, ஒரு மொச்சையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.